உத்தாலகரின் உப்புப் பானையும் திருச்செந்தூர் நாழிக்கிணறும்

வாசகர் கேள்வி, பிப்ரவரி 8, 2025

பாளையங்கோட்டையில் ஒரு சொற்பொழிவுக்குப் போயிருந்தேன். சாந்தோக்ய உபநிடதத்தில் உத்தாலக ஆருணி தன் மகன் சுவேதகேதுவிடம் ஒரு கட்டி உப்பைத் தண்ணீரில் போட்டு வைத்துவிட்டுக் காலையில் வரச் சொல்கிறார். மறுநாள் மேலே, நடுவே, அடியில் எங்கே குடித்தாலும் ஒரே உப்பு. "கரைபொருள் தானாகவே சமமாகப் பரவும் என்ற இயற்பியல் அன்றே நம் முன்னோருக்குத் தெரிந்திருந்தது" என்றார் பேச்சாளர். அரங்கமே கைதட்டியது. ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் என் மகள் மட்டும், "கலக்காமல் ஒரே இரவில் எப்படி அப்பா சமமாகும்?" என்கிறாள். யார் சொல்வது சரி?

பிப்ரவரி 8, இரவு

உங்கள் மகள் சொல்வது சரி. அவளுக்கு என் பாராட்டைச் சொல்லுங்கள்.

கலக்காமல் வைத்த தண்ணீரில் உப்பு ஒரே இரவில் சமமாகாது. கட்டி உப்பு அடியில் போய்க் கிடக்கும். அது கரையக் கரைய அங்கே கனமான உப்புநீர் சேரும். கனமானது மேலே ஏறி வராது. அடித்தண்ணீர் வாயில் வைக்க முடியாதபடி கரிக்கும், மேல்தண்ணீர் ஏறத்தாழ நல்ல தண்ணீராகவே நிற்கும்.

இதனால் உபநிடதம் பொய் சொல்கிறது என்று நினைத்துவிட வேண்டாம். பேச்சாளர் ஏதோ ஒன்றைத் தவறவிட்டிருக்கிறார் என்றுதான் தோன்றுகிறது. மூலத்தை எடுத்துப் பார்த்துவிட்டு எழுதுகிறேன்.

பிப்ரவரி 9, காலை

மூலத்துக்கு முன்னால் பானை. இரவே செய்து வைத்துவிட்டேன். உயரமான கண்ணாடி ஜாடி, முக்கால் அளவு தண்ணீர், நூல் கட்டி மெதுவாக இறக்கிய ஒரு கைப்பிடிக் கல்லுப்பு. ஜாடியை அடுக்களை மேடையின் மூலையில் யார் கையும் படாமல் வைத்தேன்.

நடுத்தண்ணீரை மட்டும் எப்படி எடுப்பது என்று கேட்பீர்கள். பப்பாளி இலைக் காம்பு போதும், உள்ளே குழாய்தானே. ஒரு முனையைக் கட்டைவிரலால் அடைத்து ஜாடிக்குள் இறக்க வேண்டும். வேண்டிய ஆழம் வந்ததும் விரலை எடுத்தால் அந்த ஆழத்துத் தண்ணீர் மட்டும் காம்புக்குள் ஏறும். மறுபடி அடைத்து வெளியே எடுத்து நாக்கில் விட வேண்டும். காம்பை முதல்நாளே வெட்டிக் கழுவிப் பால் வடியவிட்டு வைத்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் கசக்கும்.

மேல்தண்ணீரில் உப்பு இருப்பதாகவே நாக்குக்குத் தெரியவில்லை. நடுவிலும் அப்படித்தான். அடித்தண்ணீரில் முகம் சுளிந்துவிட்டது. ஜாடியை வெளிச்சத்தில் பிடித்தால் அடியிலிருந்து இரண்டு விரல் உயரத்தில் ஒரு கோடு மினுமினுக்கிறது. கனத்த நீரும் லேசான நீரும் ஒளியை வெவ்வேறு அளவில் வளைப்பதால் தெரியும் கோடு அது. ஒரு முட்டையை மெல்ல விட்டேன். நல்ல தண்ணீரில் மூழ்கும் முட்டை அந்தக் கோட்டருகே வந்ததும் நின்றுவிட்டது. மேலேயும் வரவில்லை, அடியையும் தொடவில்லை. வீட்டில் பிள்ளைகள் இருந்தால் காட்டுங்கள்.

பிப்ரவரி 9, மதியம்

கணக்குக் கேட்பவர்களுக்கு: அசையாத தண்ணீரில் உப்பு பரவும் வேகம் அளக்கப்பட்ட ஒன்று. அடோல்ஃப் ஃபிக் என்ற ஜெர்மானியர் 1855ஆம் ஆண்டு பரவல் விதியை வெளியிட்டபோது அவர் சோதித்ததும் இதே உப்பும் தண்ணீரும்தான். குழாயின் அடிமுனையில் உப்பு, மேல்முனையில் நன்னீர், இடையில் உயரத்துக்கு உயரம் எவ்வளவு கரிப்பு என்று பார்த்தார். அந்த விதிப்படி ஓர் இரவில் உப்பு தானாக நகரும் தூரம் ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர். பத்து மடங்கு தூரம் போக நூறு மடங்கு நேரம் வேண்டும். ஒரு சாண் உயரப் பானை தானாகச் சமமாக மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டியதுதான்.

பிப்ரவரி 10

மூலத்தைப் பார்த்தேன். ஆறாம் அத்தியாயம், பதின்மூன்றாம் கண்டம். சில வரிகள்தான்.

காலையில் மகன் வருகிறான். தந்தை எடுத்த எடுப்பில் "குடித்துப் பார்" என்று சொல்லவில்லை. "நேற்று இரவு தண்ணீரில் போட்டாயே, அந்த உப்பைக் கொண்டுவா" என்கிறார். மகன் தண்ணீருக்குள் கையை விட்டுத் தேடுகிறான், அகப்படவில்லை. அதற்குப் பிறகுதான் இந்தப் பக்கத்திலிருந்து குடி, நடுவிலிருந்து குடி, அந்தப் பக்கத்திலிருந்து குடி என்று வரிசையாக வருகிறது.

இதைப் படித்தவுடன் எனக்கு உடம்பு சிலிர்த்தது. கை உள்ளே போய்விட்டதே! கரைந்துபோன கட்டியைத் தேடுகிறவன் ஒரு விரலை நுழைத்துவிட்டு எடுத்துவிடுவானா? அடியெல்லாம் துழாவியிருப்பான். அந்தத் துழாவலிலேயே அடியில் படிந்து கிடந்த உப்புநீர் முழுவதும் மேலே வந்து கலந்திருக்கும். அதன் பிறகு எங்கே குடித்தாலும் ஒரே கரிப்புதான். சோதனை அப்பழுக்கில்லாமல் நிற்கிறது.

என் ஜாடியில் பார்த்துவிட்டேன். மினுமினுத்த கோடு இருந்த தண்ணீரில் கையை விட்டு, உப்பைத் தேடுகிறவனைப் போலவே அடியைத் துழாவினேன். கோடு போய்விட்டது. பப்பாளிக் காம்பு மேலும் கீழும் ஒரே ருசியைத் தந்தது.

பேச்சாளர் விட்டது அந்தக் கையை. கதையைச் சுருக்கிச் சொல்லும்போது முதலில் உதிர்ந்துபோவது இப்படிப்பட்ட சின்னச் செயல்தான். அதை விட்டபின் கதைக்கு இயற்பியல் பொருந்தவில்லை, பொருத்துவதற்காக இல்லாத ஒரு விதியை முன்னோர் தலையில் கட்டவேண்டியதாகிவிடுகிறது. மூலத்தை எழுதியவர்களுக்குப் பரவல் விதி தெரிந்திருக்க வேண்டிய அவசியமே இல்லை. பானையில் என்ன நடந்தது என்பதை ஒரு அசைவும் விடாமல் சொல்லிவிட்டார்கள், அதுவே எனக்குப் பெரிய மரியாதையாகப் படுகிறது.

பிப்ரவரி 10, பின்னிரவு

ஒரு சேர்க்கை. சுவேதகேதுவைச் "சிறுவன்" என்று சொற்பொழிவுகளில் சொல்கிறார்கள். பன்னிரண்டு வயதில் குருகுலம் போய், எல்லா வேதமும் படித்து, 24 வயதில் செருக்கோடு திரும்பி வந்தவன் அவன். அவனைப் பதினைந்து நாள் சோறில்லாமல் தண்ணீர் மட்டும் குடிக்கவைத்து, "இப்போது வேதத்தைச் சொல்" என்று கேட்டவர் உத்தாலகர். ஒன்றும் நினைவுக்கு வரவில்லை. சாப்பிட்டபின் எல்லாம் வந்தது. ஆலம்பழத்தைப் பிளக்கச் சொல்லி, விதையையும் பிளக்கச் சொல்லி, "என்ன தெரிகிறது?" என்று கேட்டவரும் அவரே. வாயால் சொல்லித் தருவதைவிடக் கையால் செய்யவைத்துக் கேட்கும் ஆசிரியர். இப்படிப்பட்டவர் உப்பைத் தேடிக் கொண்டுவரச் சொன்னதும் காரணத்தோடுதான் இருக்கும்.

பிப்ரவரி 12

ஒரு வாசகர் மறுக்கிறார். "உங்கள் ஜாடி கண்ணாடி. அந்தக் காலத்தில் மண்பானை. மண்பானையில் தண்ணீர் கசிந்து ஆவியாகிப் பக்கங்கள் குளிரும். குளிர்ந்த நீர் இறங்கும், மற்றது ஏறும். அந்தச் சுழற்சியிலேயே உப்பு கலந்திருக்கலாமே?"

நல்ல கேள்வி, யோசிக்க வைத்தது. ஆனால் எடையைப் பாருங்கள். தண்ணீர் 30 டிகிரியிலிருந்து 25 டிகிரிக்குக் குளிர்ந்தால் அதன் அடர்த்தி கூடுவது ஒரு சதவீதத்தில் ஏழில் ஒரு பங்கு அளவுதான். நூற்றுக்கு இரண்டு பங்கு உப்புக் கரைந்தாலே அடர்த்தி ஏறக்குறைய ஒன்றரைச் சதவீதம் கூடிவிடும், பத்து மடங்கு வித்தியாசம். மேலே உள்ள நன்னீர் தனக்குள் சுழலும், கனத்த உப்புநீரைத் தொட்டுக் கிளப்ப அதற்கு வலுவில்லை.

இதையே தொழிலாகவும் செய்திருக்கிறார்கள். சூரியக் குளம் என்பார்கள். குளத்தின் அடியில் செறிந்த உப்புநீர், மேலே நன்னீர். வெயிலில் அடிநீர் சூடேறும், சூடேறியும் மேலே வராது, ஏனென்றால் உப்பின் கனம் பிடித்து வைத்திருக்கும். அந்தச் சூட்டைக் குழாய் வைத்து எடுத்துக்கொள்ளலாம். குஜராத்தில் புஜ் நகரில் ஒரு பால் பண்ணைக்கு இப்படிச் சுடுநீர் கொடுத்தார்கள்.

பிப்ரவரி 13

பிருகதாரண்யக உபநிடதத்திலும் உப்பு உண்டு. யாக்ஞவல்கியர் தன் மனைவி மைத்ரேயியிடம் சொல்வது: நீரில் போட்ட உப்புக்கட்டி கரைந்துபோகும், அதைத் திரும்பக் கையால் எடுக்க முடியாது, ஆனால் எங்கே அள்ளினாலும் உப்பு.

இதற்கு ஒருவர், "தூத்துக்குடியில் ஒவ்வொரு நாளும் கடலிலிருந்து உப்பைத் திரும்ப எடுக்கிறார்களே" என்று எழுதியிருக்கிறார். சரிதான், ஆனால் கையால் எடுக்கவில்லை. வெயிலும் காற்றும் தண்ணீரைக் கொண்டுபோன பிறகு மிஞ்சியதை எடுக்கிறார்கள். யாக்ஞவல்கியர் சொன்னதற்கு இதனால் குறைவு வரவில்லை.

உப்பளத்தைப் பற்றிச் சொல்லவேண்டியது நிறைய இருக்கிறது. 1986 வரை தூத்துக்குடி நம் திருநெல்வேலி மாவட்டம்தான். என் பெரியப்பா அளத்தில் கணக்கு எழுதியவர், விடுமுறைக்குப் போனால் பாத்தி வரப்பில் நடக்கவிடுவார். உப்புநீர் எவ்வளவு அடர்த்தி என்று சொல்லும் போமே அளவில் கடல்நீர் மூன்று டிகிரி சொச்சம். பாத்தி பாத்தியாக மாற்றி வெயிலில் காயவைத்து 25 டிகிரிக்குக் கொண்டுவந்தால் உப்பு இறங்கத் தொடங்கும். 29, 30 என்று ஏறவிடக்கூடாது, ஏறினால் மக்னீசிய உப்புகளும் சேர்ந்து கசக்கும். அதற்கு முன் அந்தக் கசப்பு நீரை வெளியேற்றிவிடுவார்கள். பாத்தியை நன்றாக மிதித்து இறுக்கி வைத்தவர்கள் அதே தரைமீது வாருபலகையை இழுக்கும்போது எழும் சரசரப்பு இன்னும் என் காதில் இருக்கிறது. அந்த வேலை செய்யும் பெண்களின் உள்ளங்காலைப் பார்த்தவர்கள் உப்பைக் கீழே சிந்தமாட்டார்கள்.

இழைக்குத் தேவையான விஷயம் இதுதான்: கோடையில் திடீர் மழை பெய்தால் பாத்தியின் செறிந்த உப்புநீர்மேல் மழைநீர் தனித் தட்டாக மிதக்கும். காற்றடித்துக் கலக்கிவிடுவதற்குள் மேல்மடையைத் திறந்து அந்த நன்னீரை மட்டும் வடித்துவிடலாம். கீழே உள்ள உப்புநீர் தப்பிக்கும். உத்தாலகர் பானையில் கை விடாமல் இருந்தால் எப்படி நின்றிருக்குமோ, பாத்தியில் அதேபோல் நிற்கும்.

ஆனால் எல்லா மழைக்கும் இது நடக்காது. 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டியதே, அந்த வெள்ளத்தில் பாத்தியும் வரப்பும் அம்பாரமாகக் குவித்திருந்த உப்பும் சேர்ந்தே போயின.

பிப்ரவரி 16, ஞாயிறு

இன்று என் நண்பர் ஒருவர் ஆலயத்திலிருந்து வந்ததும் அழைத்தார். மத்தேயு ஐந்தாம் அதிகாரம், 13ஆம் வசனம் பிரசங்கமாம். "உப்பானது சாரமற்றுப்போனால், எதினால் சாரமாக்கப்படும்?" உப்பு எப்படிச் சாரமற்றுப்போகும், சோடியம் குளோரைடு எத்தனை ஆண்டு வைத்தாலும் சோடியம் குளோரைடுதானே, இது வெறும் உவமைதானா என்று கேட்டார்.

சுத்தமான உப்பு சாரம் இழக்காது. ஆனால் அந்தக் காலத்தில் யார் வீட்டில் சுத்தமான உப்பு இருந்தது? சாக்கடலோரத்தில் வாரிய உப்பில் ஜிப்சமும் மண்ணும் மக்னீசிய உப்பும் கலந்திருக்கும். மக்னீசியம் குளோரைடு காற்றின் ஈரத்தை இழுக்கும். ஐப்பசி அடைமழையில் கல்லுப்பு ஜாடியின் அடியில் தண்ணீர் நிற்பதற்கும் அதுதான் காரணம். அந்த ஈரத்தில் முதலில் கரைவது எது? நூறு மில்லி தண்ணீரில் உப்பு 36 கிராம் கரையும், ஜிப்சம் கால் கிராம்தான் கரையும். மூட்டை ஈரத்தில் கிடந்து நீர் வடிந்துகொண்டே இருந்தால் உப்பு போய்விடும், உப்பைப் போலவே வெள்ளையாக இருக்கும் ருசியற்ற பொடி மிஞ்சும்.

நம் அளங்களிலும் உப்பு இறங்குவதற்கு முந்தைய பாத்திகளில் ஜிப்சம் ஓடு கட்டும். அதை எடுத்து சிமெண்ட் ஆலைகளுக்கு அனுப்புவார்கள். நான் சிறுவயதில் அந்த ஓட்டை உடைத்து நக்கிப் பார்த்திருக்கிறேன். உப்பு என்று நினைத்து வாயில் போட்டால் சுண்ணாம்புக் கட்டியைப் போல நாக்கில் உட்கார்ந்துகொண்டது.

அடுத்த வரியைப் பாருங்கள் என்று நண்பரிடம் சொன்னேன். வெளியே கொட்டப்படுவதற்கும் மனுஷரால் மிதிக்கப்படுவதற்குமே உதவும் என்று வருகிறது. ஜிப்சத்தையும் மண்ணையும் வேறென்ன செய்வது? பாதையில் கொட்டி மிதிப்பதுதான். இங்கேயும் சின்னச் செயல் கதையில் பத்திரமாக இருக்கிறது. பிரசங்கத்தில் அந்த இரண்டாம் பாதியை வேகமாகக் கடந்துவிட்டார்களாம்.

பிப்ரவரி 16, மாலை

பைபிளில் லோத்தின் மனைவி உப்புத்தூண் ஆனதைப் பற்றியும் நண்பர் கேட்டார். சாக்கடலின் தென்மேற்குக் கரையில் சோதோம் மலை என்றே ஒன்று இருக்கிறது, பெரும்பகுதி பாறை உப்பு. மழை அரித்து அதில் தூண் தூணாக நிற்கும். ஒரு தூணுக்கு அந்தப் பெண்ணின் பெயரே இருக்கிறது. தூணைப் பார்த்துக் கதை வந்ததா, கதையைக் கேட்டுத் தூணுக்குப் பெயர் வந்ததா என்ற விவாதத்தில் நான் இறங்கப் போவதில்லை.

பிப்ரவரி 19

"திருஷ்டி சுற்றி உப்பும் மிளகாயும் அடுப்பில் போட்டால் படபடவென்று வெடிக்கிறதே, அது என்ன?" என்று ஒரு மதினி கேட்டிருக்கிறார். என் ஆச்சி வெள்ளிக்கிழமை தவறாமல் சுற்றிப் போடுவார், சத்தம் பெரிதாக வந்தால் "எம்புட்டுக் கண்ணு" என்று பெருமூச்சு விடுவார்.

வெடிப்பது உப்புக்குள் சிறைப்பட்ட தண்ணீர். பாத்தியில் படிகம் வேகமாக வளரும்போது அதன் உள்ளே நுண்ணிய அறைகளில் உப்புநீர் அகப்பட்டுக்கொள்கிறது. கல்லுப்பைப் பூதக்கண்ணாடியில் பார்த்தால் நடுவில் வெண்மையாகக் கலங்கியிருப்பது அதனால்தான். தீயில் விழுந்ததும் உள்நீர் ஆவியாகி வழி தேடும். வழி இல்லாததால் படிகத்தையே உடைத்துக்கொண்டு வெளியேறும். தூளுப்பில் அந்த அறைகள் அரைபடும்போதே உடைந்துவிடுவதால் சத்தம் குறைவு. வெறும் இரும்புச் சட்டியில் கல்லுப்பை மூடி போட்டு நன்றாக வறுங்கள். வெடித்து ஓய்ந்த உப்பை மறுபடி தீயில் போட்டால் அமைதியாகக் கிடக்கும்.

ஆச்சியிடம் இதைச் சொல்லியிருந்தால் சுற்றிப் போடுவதை நிறுத்தியிருக்க மாட்டார், நானும் நிறுத்தச் சொல்லியிருக்க மாட்டேன். காய்ச்சலில் கிடந்த என் தலையைச் சுற்றி வந்த அந்தக் கையின் கதகதப்புக்கு வேறு விளக்கம் எனக்கு வேண்டாம்.

பிப்ரவரி 23

நாழிக்கிணற்றைப் பற்றி எழுதாமல் இந்த இழையை விட மனம் வரவில்லை.

சூரபத்மனோடு நடந்த போருக்குப் பின் படைவீரர்களுக்குத் தாகம். முருகன் வேலால் தரையைக் குத்த, நன்னீர் ஊறியது. திருச்செந்தூருக்குப் போனவர்களுக்குத் தெரியும். கடலில் குளித்துவிட்டு உடம்பெல்லாம் உப்புப் பிசுபிசுப்போடு வந்து படியிறங்கினால், பெரிய கிணற்றுக்குள் ஒரு சின்னக் கிணறு. அலைச்சத்தம் கேட்கும் தூரத்தில் குடிக்கத்தக்க தண்ணீர். சிறுவயதில் ஆச்சியோடு போனபோது முதல் செம்புத் தண்ணீர் தலையில் விழுந்து உதட்டுக்கு வரும்போது கரித்தது, இரண்டாவது இனித்தது. அந்த இனிப்புக்குக் காரணம் தண்ணீரா, முதலில் நாக்கில் இருந்த உப்பா என்று பிறகு பலமுறை யோசித்திருக்கிறேன். இரண்டும் சேர்ந்தே இருக்கலாம்.

கடலோரத்தில் நன்னீர் எப்படி? மணலில் இறங்கும் மழைநீர் நிலத்தடியில் உள்ள கடல்நீர்மேல் மிதக்கிறது. நன்னீர் ஒரு லிட்டர் ஒரு கிலோ என்றால், கடல்நீர் ஒரு லிட்டர் 25 கிராம் கூடுதல். இந்தச் சின்ன வித்தியாசத்தால், கடல்மட்டத்துக்கு மேல் ஒரு மீட்டர் நன்னீர் நின்றால் கடல்மட்டத்துக்குக் கீழே நாற்பது மீட்டர் வரை நன்னீர் உப்புநீரை அழுத்தி வைத்திருக்கும். இதைப் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் நெதர்லாந்தின் பாடன் கைபனும், 1901இல் ஜெர்மனியின் ஹெர்ஸ்பெர்க்கும் தனித்தனியே கண்டு சொன்னார்கள். திருச்செந்தூரைச் சுற்றி இதற்கு ஏற்ற மண்ணும் இருக்கிறது. செம்மணல் தேரி மழையை ஓடவிடாமல் குடித்துவைத்துக்கொள்ளும். மேலப்புதுக்குடியில் அருஞ்சுனை காத்த அய்யனாரின் சுனை தேரிக்காட்டு நடுவில் இருப்பதை நினைத்துக்கொள்ளுங்கள்.

நாழிக்கிணற்றில் என்னை ஈர்ப்பது அதன் சிறுமை. வேல் நுனி குத்திய இடம் என்று கதை சொல்கிறது. சிறிய வாய், குறைந்த ஆழம், செம்பு செம்பாக மொள்ளும் அளவு. மிதக்கும் நன்னீரை எடுக்க இதைவிட நல்ல முறை கிடையாது.

ஆழக் குழி தோண்டி வலுவான மோட்டாரை வைத்தால் என்ன ஆகும்? நாற்பதுக்கு ஒன்று என்ற கணக்கு அப்படியே திரும்பி அடிக்கும். நன்னீர் மட்டம் ஒரு மீட்டர் இறங்கினால் உப்புநீரின் எல்லை நாற்பது மீட்டர் ஏறப் பார்க்கும். குழாய்க்கு நேர் கீழே உப்புநீர் கூம்பாக எழும்பி வரும்.

பிப்ரவரி 24

நேற்று எழுதியதற்குத் திசையன்விளைப் பக்கத்து வாசகர் ஒருவர்: "எங்கள் தோட்டத்து ஆழ்துளைக் கிணறு முதலில் தேன் மாதிரி இருந்தது. இன்னும் ஆழப்படுத்தினோம். இப்போது வாழை இலை ஓரம் கருகுகிறது."

அண்ணாச்சி, ஆழப்படுத்தியதால் நன்னீருக்குக் கீழே உள்ள தட்டைத் தொட்டிருப்பீர்கள். இன்னும் ஆழப்படுத்தச் சொல்லி யாராவது வந்தால் திருப்பி அனுப்பிவிடுங்கள். கொஞ்ச நாள் மோட்டாரை நிறுத்தி, மழைநீரைத் தோட்டத்துக்குள்ளேயே இறங்கவிட்டு, பிறகு ஆழமில்லாத கிணற்றிலிருந்து சிறிது சிறிதாக எடுத்துப் பாருங்கள். குணமாக ஆண்டுகள் ஆகலாம். உப்பு ஏறுவது வேகம், இறங்குவது மெதுவாகத்தான். புன்னைக்காயல் முகத்துவாரத்திலும் இதுதான் நடக்கிறது. தாமிரபரணியில் தண்ணீர் வரத்து இருந்தால் நன்னீர் மேலே ஓடிக் கடலைத் தள்ளி வைக்கும், வரத்துக் குறைந்தால் கடல்நீர் ஆற்றின் அடியோடு ஊர்ந்து உள்ளே வரும். உப்பு ஏறிய மண்ணில் ஆத்தூர் வெற்றிலைக் கொடிக்கால் நிற்காது. ஆற்றுநீர் கடலில் கலப்பதை வீண் என்று மேடையில் பேசுகிறவர்கள் ஒருமுறை ஆத்தூருக்கும் முக்காணிக்கும் போய்ப் பார்க்கவேண்டும். இதில் எனக்குக் கோபமே வருகிறது.

பிப்ரவரி 27

கடலுக்கு உப்பு எப்படி வந்தது என்று கேட்டவருக்கு: மகாபாரத வனபர்வத்தில் அகத்தியர் கடலைக் குடித்து வற்றச் செய்கிறார், உள்ளே ஒளிந்திருந்த காலேயர் என்ற அசுரர்களைத் தேவர்கள் அழிக்கிறார்கள். தண்ணீரைத் திருப்பிக் கேட்டால், "செரித்துவிட்டது" என்கிறார் முனிவர். பிறகு பகீரதன் கங்கையைக் கொண்டுவந்துதான் கடல் நிறைகிறது. குடித்த கடலை அகத்தியர் சிறுநீராக வெளிவிட்டதால்தான் கரிக்கிறது என்று ஊர்ப்புறத்தில் ஒரு கிளைக்கதையும் உண்டு.

நமக்கு அகத்தியர் என்றால் பொதிகை. 1,868 மீட்டர் உயரமுள்ள அந்த மலையின் பாறையை மழை கொஞ்சம் கொஞ்சமாகக் கரைக்கிறது. கரைந்தது தாமிரபரணியில் இறங்கிப் புன்னைக்காயலில் கடலுக்குப் போகிறது. நாம் இனிப்பு என்று குடிக்கும் ஆற்றுநீரிலும் உப்புகள் உண்டு. உலக ஆறுகளின் சராசரி லிட்டருக்கு 0.1 கிராம் அளவு, கடலில் 35 கிராம். தண்ணீர் ஆவியாகித் திரும்ப மலைக்குப் போய்விடும், உப்பு அங்கேயே தங்கும். சோடியம் பெரும்பாலும் பாறையிலிருந்து, குளோரின் பெரும்பாலும் எரிமலை வாயுக்களிலிருந்து வந்தது.

ஆறுகள் கொண்டுவரும் உப்பைக் கணக்கிட்டு உலகின் வயதைச் சொல்லலாம் என்று 1715இல் எட்மண்ட் ஹாலி யோசனை சொன்னார். 1899இல் ஜான் ஜோலி அந்தக் கணக்கைப் போட்டு எட்டு, ஒன்பது கோடி ஆண்டுகள் என்றார். உண்மையான வயது 454 கோடி. கடல் உப்பைச் சேர்த்துக்கொண்டே போவதில்லை, களிமண்ணிலும் உப்புப் படுகைகளிலும் இறக்கிவிட்டுக்கொண்டும் இருக்கிறது என்பது அவர் கணக்கில் வரவில்லை.

மார்ச் 1

பகைவன் ஊரில் உப்பை விதைத்த கதை: பைபிளின் நியாயாதிபதிகள் ஒன்பதாம் அதிகாரத்தில் அபிமெலேக்கு சீகேம் நகரை இடித்து உப்பு விதைக்கிறான். ரோமானியர் கார்த்தேஜில் உப்பு விதைத்தார்கள் என்பதும் பரவலாகச் சொல்லப்படுகிறது, ஆனால் பண்டைய எழுத்தாளர் யாரும் அப்படி எழுதவில்லை. ஓர் ஊர் நிலத்தைப் பாழாக்கும் அளவு உப்பு சேர்க்க எத்தனை வண்டி வேண்டியிருக்கும்! சாபச் சடங்காகச் சில கை தூவியிருப்பார்கள் என்றே நினைக்கிறேன்.

நம் ஊரில் தென்னம்பிள்ளை நடும்போது குழியில் கல்லுப்புப் போடுகிறோம். கறையான் அண்டாது என்பார்கள். அதோடு, தென்னைக்குக் குளோரின் ஒரு சத்து. தென்னை ஏற்கும் உப்பை வெற்றிலை ஏற்காது. அபிமெலேக்கு தென்னந்தோப்பில் விதைத்திருந்தால் மகசூல் கூடியிருக்கும்.

மார்ச் 4

கேள்வி கேட்ட வாசகரின் மகள் பள்ளியில் இதைச் செய்து காட்டப் போகிறாளாம். அவளுக்காகச் சில விவரங்கள்.

தூளுப்பு வேண்டாம், தூவும்போது விழுகிற வழியிலேயே கரைந்து மேல்நீரையும் கரிக்கவைத்துவிடும். கல்லுப்பை நூலில் கட்டி அடிவரை இறக்கி, நூலை மெதுவாக அவிழ்த்துவிடு. ஒரே மாதிரி இரண்டு ஜாடி வை. மறுநாள் ஒன்றைத் தொடாதே, மற்றதில் மட்டும் ஒருவரை உப்பைத் தேடச் சொல். பப்பாளிக் காம்பால் எடுத்து முதலில் மேல், பிறகு நடு, கடைசியாக அடி என்ற வரிசையில் ருசிக்கவேண்டும். அடியை முதலில் ருசித்தால் நாக்கு கெட்டுவிடும். ஒவ்வொன்றுக்கும் நடுவில் வாய் கொப்பளிக்க வேண்டும்.

மூன்றாவது ஜாடி கிடைத்தால் உப்பைத் துணியில் முடிந்து தண்ணீரின் மேல்மட்டத்தில் தொங்கவிடு. எண்ணெய் இழை இழையாக வழிவதுபோல் உப்புநீர் கீழே இறங்குவது வெளிச்சத்தில் கண்ணுக்கே தெரியும், அடியில் போட்டதைவிட மிக வேகமாகவும் கரையும். ஏன் என்று வகுப்பில் யாராவது சொல்கிறார்களா பார்.

தேடுகிற கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு விடச் சொல்.